பதிலை விடுங்கள், கேள்வியை வையுங்கள்

சாட்ஜிபிடியில் பேசியதையெல்லாம் மொத்தமாக இறக்கி, அப்சிடியன் போன்ற குறிப்புச் செயலியில் கொட்டிவைக்கலாம். கொட்டுவது சுலபம். பிறகு தேடும்போதுதான் தெரியும், அதில் பாதி வெறும் உபசாரப் பேச்சு என்று. ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சுமார் 90,000 குறிப்பட்டைகள் சேர்த்தவர். படித்ததை அப்படியே பெயர்த்தெழுதாமல் தன் சொற்களில் சுருக்கி வைத்தார். உரையாடலிலும் வைத்துக்கொள்ளத் தக்கது பெரும்பாலும் நாம் கேட்ட கேள்விதான். எதற்காகக் கேட்டோம் என்பதை இரண்டு வரியில் எழுதிவிட்டால் போதும். பதிலை மறுபடி கேட்டுக்கொள்ளலாம் (அது வேறாகவும் வரும், ஆகவே தேதி அவசியம்). சரிபார்க்காத பதிலை வைத்தே தீர வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து நாமே அதை உண்மையென்று எடுத்தாள்வோம்.