உள்ளே இருக்கும் ஈரம்

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் கிழக்குக் கரையால் ஏறி மலைநாட்டையும் சிதைத்துவிட்டுப் போனது. நாடெங்கும் அறுநூறுக்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் வீட்டோடு மண்ணுக்குள் போனவர்கள் பலர். அந்தக் கணக்கின் முன் ஹட்டனில் எங்கள் வீட்டுக்கு நேர்ந்தது ஓர் இழப்பே அல்ல. பின்சுவரால் மலைத்தண்ணீர் இறங்கி, கீழறைகளில் முழங்கால் அளவு சேறு நின்றது, அவ்வளவுதான். அல்ஹம்துலில்லாஹ், உயிர்கள் தப்பின. ஆனால் அதன் பிறகு ஒரு மெத்தை எழுப்பிய கேள்வி என்னை விடவில்லை.

பீங்கான், சட்டி பானைகள் கொதிநீரில் கழுவியதும் மீண்டன. உடுப்புகளும் நாலு தண்ணீர் அலசியபின் மீண்டன. இலவம்பஞ்சு மெத்தைதான் சிக்கலானது. டிசம்பர் பனியில் வெயில் ஏது? ஒரு வாரம் அடுப்படியில் சாத்தி வைத்தோம். மேல்துணி காய்ந்துவிட்டது. மண்சரிவு எச்சரிக்கையால் லயத்தை விட்டு வெளியேறிப் பாடசாலையில் தங்கியிருந்த ஒரு தோட்டக் குடும்பம் என் நினைவுக்கு வந்தது. எங்கள் கடைக்கு நெடுநாள் வாடிக்கைக்காரர்கள். அவர்களுக்குக் கொடுத்தால் வீண்விரயமும் இல்லை, ஸதகாவும் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன்.

உம்மா ஒன்றும் பேசாமல் மெத்தையின் தையலைப் பிரித்துக் கையை உள்ளே விட்டார். பஞ்சு ஈரமாய்க் கட்டிபட்டிருந்தது. பூஞ்சண வாடை குப்பென்று வந்தது.

"ஒன்ட புள்ளய இதுல படுக்க வெப்பியா மகன்?"

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு சம்பவம் நாம் எல்லோரும் கேட்டதுதான். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை எல்லோரும் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தை அடியில் மறைத்ததுதான் குற்றம்.

அப்படியானால், "உள்ளே ஈரம் இருக்கிறது" என்று சொல்லிக் கொடுத்தால் போதாதா? விற்பனைக்கு அது போதும். வாங்குபவர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகலாம். வெறும் சீமெந்துத் தரையில் பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கும் தாய் அப்படிப் போக முடியாது. நாளைக்கும் எங்கள் கடையில் கடனுக்கு அரிசி வாங்க வேண்டியவர் அவர். எதைக் கொடுத்தாலும் கைநீட்டி வாங்குவார், நன்றியும் சொல்வார். அந்த நன்றியைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டன்றி நீங்களே ஏற்காத மட்டமானதைத் தர்மத்துக்கு ஒதுக்காதீர்கள் என்ற கருத்தில் அல்பகராவின் 267ஆம் வசனம் பேசுகிறது. அது வாங்குபவரின் தேவையை அளக்கவில்லை. கொடுப்பவரின் மனதைத்தான் அளக்கிறது.

ஒன்றுமே இல்லாதவருக்கு ஏதோ ஒன்று இருப்பது மேல்தானே என்பார்கள். கழுவி மீட்ட சட்டிக்கும் சாரனுக்கும் அது பொருந்தும். அவற்றை நாங்களும் பாவிக்கிறோம். பூஞ்சணம் பிடித்த பஞ்சுக்குப் பொருந்தாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், அடுப்புப் புகைக்கு நடுவே, அது ஒரு பிள்ளையின் மூச்சுக்குள் போகும். குப்பைக்குப் போக வேண்டியதை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு விரயம் தவிர்த்தேன் என்று சொல்ல முடியுமா?

மெத்தையை வெட்டிப் புதைத்தோம். உண்மையில் எங்கள் மேல்மாடியில், விருந்தாளிக்கென்று வைத்த மெத்தை ஒன்று நனையாமல் கிடந்தது. கொடுப்பதைப் பற்றி யோசித்த அத்தனை நாளும் அது என் கண்ணில் படவேயில்லை. உம்மா கேட்ட பிறகும் அது படியிறங்க இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளுக்கு மழையின்மேல் பழி போட முடியாது.