ஒப்பீடு இல்லாத வகுப்பறை

ஒரு குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிட்டால் இரண்டுமே சிதைகின்றன என்பது ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்விச் சிந்தனைக்கு அடிப்படை. முதலிடம் பெற்றவனுக்கு அதைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம்; பின்தங்கியவனுக்குத் தான் மட்டம் என்ற எண்ணம். பயந்த மனம் மனப்பாடம் செய்யும், கீழ்ப்படியும். ஆனால் எதையும் தானாகப் பார்த்துப் புரிந்துகொள்ளாது. ஆகவே அவர் எழுப்பிய கேள்வி பாடத்திட்டத்தைத் தாண்டியது: பரிசு, தண்டனை, போட்டி ஆகிய மூன்றும் இல்லாமல் மனிதன் கற்க முடியுமா?

1895இல் மதனப்பள்ளியில் பிறந்த அவரை வருங்கால உலக குருவாகப் பிரம்மஞான சபையார் வளர்த்தனர். 1929இல் ஹாலந்தின் ஓம்மென் நகரில், தமக்காக அமைக்கப்பட்ட சங்கத்தை அவரே கலைத்தார். உண்மைக்கு வழி என்று எதுவும் இல்லை, குருவோ அமைப்போ யாரையும் அங்கே கொண்டுசேர்க்க முடியாது என்பது அவர் நிலை. அப்படிச் சொன்னவரின் பெயரால் ஆந்திராவின் ரிஷிவேலி, வாரணாசியின் ராஜ்காட், இங்கிலாந்தின் பிராக்வுட் பார்க், கலிபோர்னியாவின் ஓக் குரோவ் எனப் பள்ளிகள் நடக்கின்றன. பள்ளி என்றாலே மணி அடிக்கும், கால அட்டவணை இருக்கும், ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பார். இந்த முரணுக்கு அவர் தந்த விடை, ஆசிரியரும் மாணவரோடு சேர்ந்து கற்பவரே என்பது. தன் பயத்தையும் ஆசையையும் கவனிக்காத ஆசிரியர் எந்த முறையைக் கையாண்டாலும் பயனில்லை என்றார்.

ரிஷிவேலியில் மாலை நேரத்தில் மாணவர்கள் ஒன்றுகூடி, பேசாமல் அமர்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பார்கள். ‘அஸ்தாச்சல்’ என்று அதற்குப் பெயர். அதே மாணவர்கள் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் வாரியத் தேர்வு எழுதியே தீரவேண்டும். கட்டணம் கட்டிப் படிக்கும் விடுதிப் பள்ளி அது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

இந்தச் சிந்தனை ஏழைப் பிள்ளைகளை எட்டியது, ரிஷிவேலிப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள கிராமங்களில். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்கும் சிறு பள்ளிகளுக்காக ரிஷிவேலியின் கல்வியாளர்கள் பத்மநாப ராவும் ரமாவும் பாடப்புத்தகத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்தனர். அட்டைகளின் வரிசையைக் காட்டச் சுவரில் ஓர் ஏணிப்படம். அறுவடைக்காகவோ காய்ச்சலாலோ பத்து நாள் வராத குழந்தை, திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். வகுப்பு முன்னே போய்விட்டதே என்ற பதைப்பு இல்லை.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் இந்த அட்டை முறை ‘செயல்வழிக் கற்றல்’ ஆனது. 2007-08இல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. ஆசிரியர் குழந்தைகளோடு தரையில் அமர்ந்தார். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேலே படங்களைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், குழந்தையே குறித்துக்கொள்ளும் வருகைப் பதிவு. பிரம்புக்கு அங்கே வேலை குறைந்தது. இது சாதாரண சாதனை அல்ல.

ஆனால் தத்துவக் கேள்வி அப்படியே நிற்கிறது. அரசாணை மூலம் அட்டைகளை அனுப்பலாம், கவனத்தை அனுப்ப முடியாது. மேற்பார்வைக்கு வரும் அதிகாரி எந்தக் குழந்தை எத்தனையாவது படியில் நிற்கிறது என்று கேட்ட மாத்திரத்தில், ஏணி மறுபடியும் தரவரிசைப் பட்டியலாகிவிடுகிறது. கிருஷ்ணமூர்த்தியின் மறுப்பு இதைவிட ஆழமானது: பக்கத்தில் இருப்பவனோடு போட்டியே இல்லாவிட்டாலும், இன்று இருக்கும் நிலையை விட்டு நாளை வேறொன்றாக வேண்டும் என்ற ஏக்கமும் அவருக்கு ஒப்பீடுதான். அந்த அளவுகோலில் எந்த ஏணியும் தேறாது. எழுத்தும் எண்ணும் படிப்படியாகத்தான் வரும் என்பதால், ஒரு தொடக்கப் பள்ளியை அந்த அளவுகோலால் அளப்பது நியாயமும் ஆகாது. வாசிக்கக் கற்பதில் முன்னேற்றம் உண்டு. தன் மனத்தைப் பார்ப்பதில் படிநிலை இல்லை. இரண்டையும் பிரித்துக்கொண்டால் அவருடைய கேள்விக்கும் அரசுப் பள்ளிக்கும் சண்டை இல்லை.

செயல்வழிக் கற்றல் பிறகு எளிமைப்படுத்தப்பட்டது. 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. பெயர்கள் இதமானவைதான், ஆனால் தான் அரும்பா மலரா என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியாமல் இருக்காது.