அசனத்துக்கு முந்தின ராத்திரி

ஆராதனை முடிகிறது. ஐயருக்கு ஒரு தோத்திரம் சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறோம். பல வருடமாக நமக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவரின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆராதனை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் பாடிவிட்டுக் கலைவதால் மட்டும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாக ஆகிவிடுகிறோமா?

திருநெல்வேலிச் சீமையின் பழைய கிறிஸ்தவர்கள் இதை வேறு விதமாக அறிந்திருந்தார்கள். 1799-ல் சாத்தான்குளம் பக்கம் முதலூர் உருவானபோது, விசுவாசத்துக்காக அடிபட்டு வந்தவர்களுக்கு உடனே தேவைப்பட்டது அஞ்சாமல் குடியிருக்க ஒரு துண்டு நிலம். 1830-ல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் தொடங்கிய தருமசங்கமும் அப்படிப்பட்டவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கிக் கொடுக்கத்தான் பணம் சேர்த்தது. ஜெபமும் வீட்டுமனையும் ஒரே பேச்சாக இருந்த காலம் அது.

பிடியரிசி என்ற வழக்கமும் இருந்தது. உலை வைக்க அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள், அது கோயிலுக்கு. வீட்டில் இருப்பவர்களுக்கு அளந்த அரிசியிலிருந்து எடுப்பது என்பதுதான் இதில் முக்கியம். மிஞ்சியதைக் கொடுப்பதல்ல. வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் காணிக்கையே போதும் என்று 1903-ல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவரோடு இருந்தவர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, அந்தத் துணிச்சலைத் தாங்கியது இப்படிக் கொடுத்துப் பழகிய சனம்.

அசனத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். பண்டிகைக்குச் சபையே கூடிச் சமைத்துச் சாப்பிடும் அந்தப் பந்தியைத் தென்கோடியில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்தின ராத்திரி. கோயிலுக்குப் பின்னால் ட்யூப் லைட்டைக் கட்டி, தார்ப்பாயை விரித்து, பெண்கள் அரிவாள்மனையோடு வட்டமாக உட்காருவார்கள். அந்தப் பக்கம் ஆண்கள் அடுப்புக்குக் குழி வெட்டுவார்கள். மூட்டை வெங்காயத்தை உரித்து முடிப்பதற்குள் ஊர்க்கதை முழுக்க வெளியே வந்துவிடும்.

“ஏட்டி, ஒம் மாமியாவுக்கு ஆபரேசன் முடிஞ்சிதா?”

“முடிஞ்சிதுக்கா. ராத்திரி கூட இருக்கத்தான் ஆளில்ல.”

“திங்கக்கெழம நான் வாரேன். நீ வீட்டுக்குப் போய் கொஞ்சம் தூங்கு.”

பிரசங்கத்துக்கு நடுவே இதைப் பேச முடியுமா? கை வேலையில் இருக்கும்போதுதான் வாய் தன் பாரத்தை இறக்கி வைக்கிறது. இன்று பல இடங்களில் அசனச் சமையலைக் காண்ட்ராக்ட் விட்டுவிடுகிறார்கள். சோறும் கறிக்குழம்பும் ருசியாகவே இருக்கின்றன. அந்த ராத்திரி மட்டும் இல்லாமல் போயிற்று. அது பெரிய நஷ்டம் என்றே நினைக்கிறேன்.

இப்படி நெருங்கிப் பழக வேறு வழியும் உண்டு. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் இருக்கின்றன. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கொஞ்சம் சேர்ந்து முறைவைத்து வீடுகளில் கூடி வேதம் வாசிக்கின்றன, ஜெபிக்கின்றன. நல்ல ஏற்பாடு. அப்போஸ்தலருடைய நடபடிகள் காட்டும் ஆதிச் சபையும் வீடுகளில்தான் அப்பம் பிட்டது. ஆனால் நம் ஊரில் தெரு என்பது பெரும்பாலும் சாதி. தெருவாரியாகக் கூட்டம் போட்டால் சாதிவாரியாகக் கூடியதாகவே முடியும். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பிய சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கிவிட்டு, ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குகிறவர்கள் எத்தனை பாட்டுப் பாடினாலும் சபை ஆகமாட்டார்கள். இதை மெதுவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

வீட்டு ஜெபக்கூட்டத்தை அடுத்து எங்கே வைக்கலாம் என்று உங்கள் சபையில் பேச்சு வரும். இதுவரை ஒருமுறைகூடக் கூடாத வீடு ஒன்று எப்படியும் இருக்கும். அந்த வீட்டாரிடம் முதலில் போய்க் கேளுங்கள். அவர்களுக்குச் சம்மதமானால் அங்கேயே கூடுங்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடாமல், அவர்கள் தரும் காப்பியைக் குடித்துவிட்டு வாருங்கள்.