விலகத் தெரிந்த கை

1987 டிசம்பர். அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸில், விற்பனைக்கு வந்திருந்த ஒரு பெரிய வீட்டில் மனிதர் யாரும் இல்லை. ஒரு கொண்டைக்கிளி மட்டும் கூண்டில் அலறிக்கொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்ந்த உளவியலாளர் லோரின் லிண்ட்னர் அதைத் தம் வீட்டுக்கு எடுத்துப் போனார். சாம்மி என்ற அந்தக் கிளிக்குப் பின்னால், கைவிடப்பட்ட இன்னும் பல கிளிகள் அவரிடம் வந்து சேர்ந்தன.

சாம்மியின் இனத்துக்குச் சொந்த ஊர் இந்தோனேசியாவின் செராம் தீவுப் பகுதி. அங்கிருந்து 1980களில் ஆயிரக்கணக்கில் பிடித்து ஏற்றுமதி செய்தார்கள். 1989இல்தான் இவற்றின் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை வந்தது.

இப்படிக் கைவிடப்பட்ட கிளியைத் தத்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவது எளிது. அது நம்மை நம்ப வேண்டுமே! நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு பழகிய உயிர். கிளி அப்படியல்ல. காட்டில் அது பருந்துக்கும் வல்லூறுக்கும் இரை. மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்கு ஆபத்துதான். கூண்டில் பிறந்த கிளியின் உடம்பிலும் அந்த அச்சம் ஊறியிருக்கிறது. நீட்டிய கை அன்பான கை என்று அதற்கு எப்படித் தெரியும்?

தனிமையில் வாடிய கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். மார்பு வெறும் தோலாகிவிடும். தலையில் மட்டும் இறகு குலையாமல் இருக்கும், அலகு அங்கே எட்டாது என்பதால். இது மனத்துயரா, நோயா என்று பறவை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் சூரியகாந்தி விதையை மட்டுமே தின்ற கிளிக்கு வைட்டமின் ஏ குறைந்திருக்கும்; அதையும் சரிசெய்ய வேண்டும்.

பிறகு பொறுமை. கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டியிருக்கட்டும். நாலு பக்கமும் திறந்திருந்தால் கிளி நாள் முழுக்கக் காவல் காக்கும். சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, மெல்லிய குரலில் செய்தித்தாள் படிக்கலாம். உற்றுப் பார்க்க வேண்டாம். இரையைக் குறிவைக்கும் விலங்குதான் அப்படிப் பார்க்கும். போகிறபோக்கில் கிண்ணத்தில் ஒரு பாதாம் துண்டைப் போட்டுவிட்டு, நிற்காமல் நகர்ந்துவிட வேண்டும். கிளிகள் கூட்டமாக மேய்பவை. வீட்டார் சாப்பிடும் நேரத்தில் அதற்கும் வைத்தால் துணிந்து கொத்தும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று உண்டு. கிளி உடலைப் பின்னுக்குச் சாய்த்தால், இறகுகளை உடம்போடு இறுக்கிக்கொண்டால், அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். கடிக்கிற கிளி என்று பலர் குறை சொல்லும் பறவை, ஆரம்பத்தில் மெதுவாகத்தான் மறுத்திருக்கும். யாரும் கவனிக்கவில்லை. கடித்தபோது கை விலகியது; அதனால் கடிக்கக் கற்றுக்கொண்டது. லேசாகச் சாய்ந்ததுமே விலகிப்போகும் கை அதற்குப் புதிய அனுபவம். துணியைப் போட்டு அமுக்கிப் பிடித்துப் பழக்கினால் கிளி அடங்கும், நம்பாது.

வீடிழந்த முன்னாள் படைவீரர்களுக்கும் லிண்ட்னர் சிகிச்சை அளித்துவந்தார். குழுவாக உட்காரவைத்தபோது வாய் திறக்காத சிலர், கிளிகளுக்குக் கூடம் கட்ட ஓஹாய் என்ற ஊருக்கு அழைத்துப்போனபோது பறவைகளிடம் பேசத் தொடங்கினார்கள். 2005இல் மேற்கு லாஸ் ஏஞ்சலிஸில், படைவீரர் மருத்துவமனை வளாகத்திலேயே, செரினிட்டி பார்க் என்ற கிளிகள் காப்பகம் உருவானது. போரின் நினைவுகளால் வதைபட்டவர்கள் அங்கே கூண்டு கழுவினார்கள், தீனி வைத்தார்கள், கிளியின் அருகே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். படபடப்போடு நெருங்கினால் கிளி ஒதுங்கிக்கொள்ளும். அதற்காகவே அவர்கள் தங்களை நிதானப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மருந்தாலும் பேச்சாலும் எளிதில் வராத நிதானம் அது. கடற்படையில் பணியாற்றிய மேத்யூ சிம்மன்ஸ் அந்தக் காப்பகத்தில் உழைத்து, பிறகு அதை நடத்துவதிலும் பங்கேற்றார். லிண்ட்னரை மணந்துகொண்டவரும் அவரே.

இதைக் கேட்டுவிட்டு யாரும் பச்சைக்கிளி வாங்கப் போய்விட வேண்டாம். நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்ட கிளி கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். தத்தெடுப்பது என்ற பேச்சு, கைமாறிக் கைமாறித் துன்பப்படும் வெளிநாட்டுக் கிளிகளுக்கே பொருந்தும்.

அவை கைமாறுவதற்கு அவற்றின் ஆயுளும் ஒரு காரணம். சிகாகோ அருகே புரூக்ஃபீல்டு விலங்குக் காட்சிசாலையில் குக்கி என்ற கொண்டைக்கிளி 83 வயதுவரை வாழ்ந்து 2016இல் இறந்தது. ஐம்பது வயதில் இத்தகைய கிளி ஒன்றைத் தத்தெடுப்பவர், தமக்குப் பின் யார் என்பதையும் அன்றே யோசிக்க வேண்டும். அந்த அடுத்த ஆளை அடிக்கடி வரவழைத்து, கிளி அவர் கையிலிருந்தும் பாதாம் வாங்கும்வரை பழகவிட வேண்டும்.