யாரும் பார்க்காத நோட்டு

உங்கள் டூவீலருக்குக் கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள்? தேதி சொல்லுங்கள் பார்ப்போம்.

'பொங்கலுக்கு முன்னாடி... இல்லே, தீபாவளி சமயம்' என்று இழுக்கிறீர்களா? பரவாயில்லை, நம்மில் பலர் அப்படித்தான். வண்டி நடுரோட்டில் நின்றால் மெக்கானிக் கடை வரை தள்ளிக்கொண்டு போய்விடலாம். படகு நடுக்கடலில் நின்றால்? அதனால்தான் படகுக்காரர்கள் லாக் புக் எழுதுகிறார்கள்.

லாக் என்றால் மரக்கட்டை. அந்தக் காலத்தில் கப்பலின் வேகத்தை அளக்க, கயிற்றில் கட்டிய மரக்கட்டையைக் கடலில் போடுவார்கள். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போனது என்று எண்ணி நோட்டில் எழுதுவார்கள். கட்டை போய்விட்டது, பெயர் மட்டும் நோட்டுக்கு நிலைத்துவிட்டது. கடல் வேகத்துக்கு இன்றைக்கும் 'நாட்', அதாவது முடிச்சு என்றுதான் பெயர்.

பொழுதுபோக்குக்காகப் படகு வைத்திருப்பவர்கள்கூட இதை எழுதுகிறார்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், காற்று எந்தப் பக்கம், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, படகின் அடியில் ஊறிய தண்ணீரை எத்தனை வாளி இறைத்தோம். அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். திங்கட்கிழமை 2 வாளி, புதன்கிழமை 3, சனிக்கிழமை 5. எங்கேயோ விரிசல் பெரிதாகிறது என்று நோட்டு சொல்லிவிடும். வெறும் ஞாபகத்தை நம்பினால், 'கொஞ்சம் தண்ணி வரும் சார், வழக்கம்தான்' என்போம்.

சரி, இந்த நோட்டை யாரும் சோதிக்கப் போவதில்லை என்று வையுங்கள். அப்போது உண்மையை எழுத வேண்டிய அவசியம் என்ன?

இந்தக் கேள்வியோடு கடலுக்குப் போனவர் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். 1932-ல் நம் காஸியாபாத்தில் பிறந்த ஆங்கிலேயர். 1968-ல் லண்டனின் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை ஒரு போட்டி வைத்தது. தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வர வேண்டும். வேகமாக முடிப்பவருக்கு 5,000 பவுண்ட். நான்கு குழந்தைகளின் தகப்பனான க்ரோஹர்ஸ்ட், தொழிலையும் வீட்டையும் பணயம் வைத்து அக்டோபர் 31-ம் தேதி கிளம்பினார்.

சில வாரங்களிலேயே படகு ஒழுக ஆரம்பித்தது. முன்னே போனால் உயிர் போகும், திரும்பி வந்தால் மானமும் சொத்தும் போகும். அவர் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார். அட்லாண்டிக்கை விட்டு நகராமல் அங்கேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றி வருவதாக ரேடியோவில் பொய் இடங்களைச் சொன்னார். அதற்கேற்ப ஒரு பொய்க் கணக்கும் தயாரித்தார். போகாத கடலில், பார்க்காத சூரியன் எந்தக் கோணத்தில் நின்றிருக்கும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். உண்மையை எழுதுவதைவிட அது பல மடங்கு கஷ்டம்!

ஆனால் அதே சமயத்தில், தான் நிஜமாக எங்கே இருக்கிறோம் என்பதையும் அவர் எழுதி வந்தார். ஏன்? எழுதாவிட்டால் அவருக்கே வழி தெரியாது. பொய்க் கணக்கு ஊருக்கு. உயிரோடு இருக்க உண்மைக் கணக்கு வேண்டும்.

கடைசி ஆளாகக் கரை சேர்ந்தால் யாரும் நோட்டைக் கேட்க மாட்டார்கள் என்பது அவர் திட்டம். விதி வேறு மாதிரி விளையாடியது. க்ரோஹர்ஸ்ட் துரத்தி வருவதாக நம்பி, பழுதான படகை விரட்டி ஓட்டினார் நைஜல் டெட்லி. 1969 மே மாதம், கரை நெருங்கும் நேரத்தில் அவர் படகு மூழ்கியது. டெட்லியைக் காப்பாற்றிவிட்டார்கள். இப்போது பரிசு க்ரோஹர்ஸ்டுக்கு. பரிசு வாங்கினால் நோட்டைப் பிரித்துப் பார்ப்பார்களே! ஜூலை 10-ம் தேதி அவருடைய படகு ஆளில்லாமல் மிதந்தது. லாக் புக்குகள் மட்டும் உள்ளே இருந்தன. உண்மைக் கணக்கைக் கடலில் வீசிவிட்டுப் போயிருக்கலாம். வீசவில்லை.

போட்டியில் கரை சேர்ந்தவர் ஒருவர்தான். மும்பையில் கட்டிய 'சுஹைலி' படகில் வந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 5,000 பவுண்டையும் க்ரோஹர்ஸ்ட் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

கடலும் போட்டியும் நமக்கு எதற்கு என்கிறீர்களா? படவேடு பக்கம் வாருங்கள். ரேணுகாம்பாள் கோயில் இருக்கிற ஊர், ஆரணிப் பட்டு வட்டாரம். அங்கே பட்டு நூலும் சரிகையும் எடை போட்டுத்தான் நெசவாளி கைக்கு வரும். சேலையாகத் திரும்பும்போதும் தராசுதான். பாஸ்புக்கில் வரவு, பற்று, கூலி எல்லாம் ஏறும். 'நம்பிக்கை இருந்தா நோட்டு எதுக்கு?' என்று சிலர் கேட்பார்கள். நம்பிக்கை கெட்டுப்போகாமல் இருக்கத்தான் நோட்டு. ஆறு மாதம் கழித்து இரண்டு பேர் ஞாபகமும் இரண்டு விதமாகப் பேசும். அப்போது நோட்டு நடுவில் நின்று சண்டையைத் தடுக்கும்.

ஆனால் தராசுக்குத் தெரியாத கணக்கும் ஒன்று உண்டு. பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். நடுவில் ஒன்று அறுந்தால், அப்படியே நெய்துகொண்டு போகலாம். எடை குறையாது, கடையில் விரித்துப் பார்க்கிறவர் கண்ணிலும் படாமல் போகலாம். நல்ல நெசவாளி தறியை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த ஊடையை ஓட்டுவார். அந்த இரண்டு நிமிஷத்துக்குக் கூலி கிடையாது, பாஸ்புக்கில் வரியும் கிடையாது.

நமக்கும் இரண்டு கணக்கு இருக்கிறது. 'எல்லாம் நல்லாப் போகுது' என்று சொந்தக்காரர்களிடம் சொல்வது ஒன்று. கடன் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, வீட்டில் ஒருத்தரோடு ஒருத்தர் பேசி எத்தனை நாள் என்பது இன்னொன்று. முதல் கணக்கை எல்லோரிடமும் ஒப்பித்து ஒப்பித்து, ஒரு நாள் நாமே அதை நம்பிவிடுகிறோம். க்ரோஹர்ஸ்டுக்காவது தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்திருந்தது.

ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். யாருக்கும் காட்ட வேண்டாம். இன்றைக்கு எத்தனை வாளி என்று மட்டும் எழுதுங்கள்.