கற்பித்தவர் பெயர்

எங்கள் பேஸ்மென்றுக்கு மேல் வீட்டில் இருக்கும் அக்காவின் மகள் போன கோடையில் லெமிங்டன் பக்கம் போய்வந்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். மே தொடங்கி ஓகஸ்ட் வரை கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டம் செய்யக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி வேலை. சம்பளமும் உண்டு. அவள் அதுவரை ஒரு கன்றுகூட நட்டதில்லை. அக்கா வந்து சொன்னபோது நாங்கள் சிரித்துவிட்டோம். ‘படிக்காட்டி மண்வெட்டிதான்’ என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்தவனுக்குத் தண்டனை, வாளி தூக்கி வாழைக்குத் தண்ணீர் ஊற்றுவது. ஊரில் தண்டனையாக இருந்தது இங்கே பாடமாக இருக்கிறது.

இந்த நாட்டில் அது புதிய பாடமும் அல்ல. 1913இல் மனிற்றோபா மாகாணத்தின் றோலண்ட் என்ற ஊரில் சிறுவர் சிறுமியருக்கென்று தொடங்கிய கழகத்திலிருந்துதான் கனடாவின் 4-எச் இயக்கம் வளர்ந்தது. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்தாம் அந்த நாலு எச். செய்வதன் மூலம் செய்யப் பழகு என்பது அவர்களுடைய வாசகம். அவள் போனது வேறொரு சிறிய திட்டம்; அடிப்படை ஒன்றுதான்.

லெமிங்டன் ஒன்ராறியோவின் தென்கோடியில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது. கண்ணாடிக் கூடங்களுக்குள் தக்காளி, வெள்ளரி, மிளகாய். அங்கு வேலை செய்பவர்களில் பலர் பருவகாலத் தொழிலாளர். 1966இல் யமேக்காவோடு தொடங்கி 1974இல் மெக்சிக்கோவையும் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. அதில் வருபவர் வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் தங்க முடியாது. எட்டு மாதத் தக்காளிக்கு வேண்டியவர், மிச்ச நாலு மாதத்துக்கு வேண்டாதவர்.

யூலையில் பிள்ளைகள் வைத்த தக்காளிக் காய்களின் அடிப்பாகம் கறுத்து அழுகத் தொடங்கியது. அவள் கையேட்டைப் புரட்டினாள். கல்சியம் போதாது என்று இருந்தது. உரம் வாங்கிப் போட்டாள், நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியால் சைக்கிளில் போன மெக்சிக்கோக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டு, எடுத்துக் காட்டினார். பிள்ளைகள் ஒருநாள் வெள்ளமாக ஊற்றுவதும் இரண்டு நாள் மறந்துபோவதுமாக இருந்திருக்கிறார்கள். தண்ணீர் ஒழுங்காகப் போகாவிட்டால் மண்ணில் கல்சியம் இருந்தும் காய்க்குப் போய்ச் சேராது. அவர் வைக்கோல் கொண்டுவந்து கன்றுகளின் அடியை மூடிவிட்டு, தினமும் இவ்வளவு என்று ஒரு தகரத்தால் அளந்து காட்டினார். அதன்பின் வந்த காய்களில் பழுதில்லை.

அவர் அடுத்த ஞாயிறு வந்து பிள்ளைகளோடு பேசலாமா என்று அவள் பொறுப்பாளரிடம் கேட்டிருக்கிறாள். பொலிஸ் அத்தாட்சி வேண்டும், காப்புறுதி வேண்டும், மொழி பெயர்க்க ஆள் வேண்டும் என்று பதில் வந்தது. பிள்ளைகளின் விடயம், அதில் நியாயமில்லை என்று சொல்லமாட்டோம். ஓகஸ்ட் கடைசியில் அவள் எழுதிக் கொடுத்த அறிக்கையில் ‘கற்பித்தவர்’ என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது.

ஒரு பை தக்காளியோடு கீழே இறங்கிவந்து, “மாமா, நான் எழுதினது பொய்யோ?” என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் இடைநடுவில் விட்டுவந்த மெய்யியல் படிப்பில் எங்களிடம் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அரிஸ்ரோட்டில் சொன்ன ஒன்று மறக்கவில்லை. கையால் வேலை செய்கிறவன் நெருப்பு எரிப்பதைப்போலத் தெரியாமலே செய்கிறான். காரணம் தெரிந்தவனே அறிந்தவன். கற்பிக்க முடிவதுதான் அறிந்தவனுக்கு அடையாளம் என்கிறார். முதலாம் வருடத்தில் அதைப் பாடமாக்கி எழுதிப் புள்ளி வாங்கினோம். இப்போது ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்த மனிதருக்குக் காரணம் தெரிந்திருந்தது, கற்பிக்கவும் முடிந்தது. அனுமதிதான் இருக்கவில்லை. அனுமதி இல்லாததை அறிவில்லாதது என்று எழுதிவைத்தது யார்?

எங்கள் இத்தாலியக் குசினிக்கும் கோடையில் சமையல் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். கத்தியை எப்படிப் பிடிப்பது, வெங்காயம் எந்த நிறத்தில் இறக்குவது, சோஸ் அடிப்பிடித்தால் என்ன செய்வது, எல்லாம் காட்டிக்கொடுப்பது நாங்கள். அவர்களின் தாளில் கையெழுத்துப் போடுவது செஃப். இதைச் சொல்லி அவளுக்கு ஆறுதல் சொல்லப் போனோம். எங்களுக்குப் பழக்கம், பிள்ளை, நீ கவலைப்படாதே என்று. அநியாயத்துக்கு ஆளானவர் என்ற இடம் இருக்க வசதியான இடம்.

ஆனால் அவள் விடவில்லை. “உங்களுக்கு ஆர் மாமா தோட்டம் பழக்கினது?”

மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் துலா மிதித்தவர். வாய்க்காலில் தண்ணீர் மாற, புகையிலையில் பக்கக் குருத்து முறிக்க, எங்கள் விரலைப் பிடித்துப் பழக்கியவர். அவர் குடிக்கும் பேணி தாழ்வாரக் கூரையில் தனியாகச் செருகி இருக்கும். பத்து வயதில் நாங்கள் அவரை ‘நீ’ என்றோம். அறுபது வயதில் அவர் எங்களை ‘நீங்கள்’ என்றார். வகுப்பில் விவசாயப் பாடம் நடத்தியவரை மட்டும் ‘சேர்’ என்றோம். (1960களின் பிற்பகுதியில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் இளைஞர்களுக்குக் காணி கொடுத்தபோதும் ‘படித்த வாலிபர் திட்டம்’ என்றுதான் பெயர். அந்தக் காணிகளில் கூலிக்குக் கொத்தியவர்களின் பேரில் ஒரு திட்டமும் இல்லை.)

“அவருக்கு என்ன பேர்?”

‘ன்’ விகுதியில் முடிகிற பாதிப் பெயர்தான் எங்களுக்குத் தெரியும். நாங்கள் நாலு பேர், நாலு ஊர். ஆளுக்கொரு பாதிப் பெயராக மூன்று வந்தது. நாலாமவன் சிங்க்கில் தக்காளியைக் கழுவிக்கொண்டு நின்றான். ஏழு வருடமாக ஒரே அறையில் படுக்கிறோம், அவன் குறிச்சி எது என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதை நாகரிகம் என்றுதான் நினைத்திருந்தோம்.

“பேணி எங்கட வீட்டிலயும் இருந்தது” என்றான் திரும்பாமலே. “ஐயா வேலைக்குப் போகேக்க கையோட கொண்டுபோவார்.”

பிறகு தகப்பனின் முழுப்பெயரைச் சொன்னான். அவள் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். மெக்சிக்கோக்காரரின் பெயர் அதற்கு மேல்வரியில் இருந்தது. அறிக்கை ஏற்கெனவே அனுப்பியாயிற்று.