வழக்குத் தொடுத்தல் அறமாகுமா?

ஆலயத்திற்கு வருகின்ற அடியார்கள் இறைவன் சந்நிதியிலே பலவகையான குறைகளைச் சொல்லி முறையிடுகின்றார்கள். பிள்ளைக்கு நோய், மகளுக்கு வரன் அமையவில்லை, மகனுக்கு வேலை கிடைக்கவில்லை என்பன ஒருபுறம். கடைக்காரர் கொப்பியிலே கூட்டி எழுதிவிட்டார், கொழுந்து நிறுத்ததிலே அளவுக்கு மீறிக் கழித்துவிட்டார்கள், காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒரு மாதத்திலே பழுதாகிவிட்டது, சீட்டுப் பிடித்தவர் பணத்தைத் தரவில்லை என்பன இன்னொருபுறம். இவற்றைக் கேட்கின்ற பெரியவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "போகட்டும் விடு, சாமி பார்த்துக்கொள்ளும்" என்பதே அந்தப் பதில்.

இது நல்ல மனத்திலிருந்து வருகின்ற வார்த்தைதான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது முதுமொழி. ஆயினும் இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. தனக்குரியதைத் திருப்பிக் கேட்பது பக்திக்கு மாறானதா? சிறு தொகைக்காக அதிகாரிகளிடமும் மன்றங்களிடமும் போவது அற்பத்தனமா, அல்லது அதுவும் ஓர் அறமா? இதற்கு விடை தேடுபவர்கள் முதலிலே திருவெண்ணெய்நல்லூருக்குப் போக வேண்டும்.

சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்திலே சுந்தரமூர்த்தி நாயனாரைத் தடுத்தாட்கொண்ட வரலாறு யாவரும் அறிந்ததே. புத்தூரிலே திருமணப் பந்தரிலே சுந்தரர் அமர்ந்திருக்கின்றார். அங்கே முதிய அந்தணர் ஒருவர் வருகின்றார். சுந்தரர் தமக்கு அடிமை என்றும், அவருடைய பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை தம்மிடம் உண்டு என்றும் வழக்குரைக்கின்றார். சுந்தரர் சினந்து அந்த ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகின்றார். முதியவர் அடிக்கவுமில்லை, சபிக்கவுமில்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிலே முறையிடுகின்றார். சபையோர் அவரிடம் சான்று கேட்கின்றார்கள். நாட்டு வழக்கமாகிய ஆட்சி, எழுத்தாகிய ஆவணம், அயலார் கண்ட காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டும்படி சொல்கின்றார்கள். அப்போதுதான் முதியவர், கிழிக்கப்பட்டது படி ஓலையே என்றும், மூல ஓலை தம்மிடம் பத்திரமாக உண்டு என்றும் கூறுகின்றார். அதையும் சுந்தரர் கிழிக்காமல் சபையோர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உறுதி பெற்ற பின்னரே வெளியே எடுக்கின்றார். பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வருவித்து ஒப்புநோக்கிய பின்னரே சபையோர் தீர்ப்புச் சொல்கின்றார்கள்.

வழக்காட வந்தவர் யார்? சிவபெருமான். அவர் நினைத்திருந்தால் ஒரு கணத்திலே சுந்தரரைத் தம் வசமாக்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஊர்ச் சபையிலே சாதாரண மனிதரைப் போல நின்று, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, ஆவணம் காட்டித் தமக்குரியதைப் பெற்றுக்கொண்டார். வழக்கு முடிந்த பின்னர் பகை இருந்ததா என்றால் இல்லை. வன்மை பேசியவரை 'வன்றொண்டர்' என்று பெயரிட்டுத் தம் தோழராகவே ஏற்றுக்கொண்டார். ஆகவே வழக்குரைத்தல் தன்னளவிலே பாவமன்று. சான்றோடும், சபைக்கு அடங்கியும், பகையில்லாமலும் உரைக்கப்படுகின்ற வழக்குக்கு இறைவனே முன்னுதாரணமாகின்றார்.

அப்படியிருந்தும் ஊவாவின் தோட்டங்களிலே மன்று என்றவுடன் மக்கள் அஞ்சுவது ஏன்? அந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததன்று. மலைநாட்டிலே சட்டம் நெடுங்காலம் தொழிலாளியின் கையிலே இருக்கவில்லை. அவனுக்கு எதிராகவே இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையிலே அடைக்க முடிந்தது. அத்துடன் 'துண்டு' என்ற ஒன்றும் இருந்தது. இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கின்ற கடிதமே துண்டு. அதிலே எழுதப்பட்ட கணக்குச் சரியா பிழையா என்று கேட்கும் நிலை கடன்பட்டவனுக்கு இருக்கவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்குக் கடனும் மனிதனும் சேர்ந்தே கைமாறினார்கள். துண்டு முறை 1921ஆம் ஆண்டிலே ஒழிக்கப்பட்டது. காகிதம் ஒழிந்தாலும், எழுத்தென்றால் தன்னைக் கட்டிப்போடுகின்ற ஒன்று, மன்றென்றால் தண்டிக்கின்ற இடம் என்ற எண்ணம் பாட்டனிடமிருந்து பேரனுக்கு வந்துகொண்டே இருக்கின்றது.

இன்றோ நிலைமை வேறு. அன்று துண்டு மனிதனைக் கட்டியது. இன்று கடையிலே கொடுக்கின்ற பற்றுச்சீட்டு என்ற சிறு துண்டு அவனைக் காக்கின்றது. ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே ஒரு தாய் தீபாவளி முற்பணத்திலே பதுளை நகருக்குப் போய் ஒரு ரைஸ் குக்கர் வாங்குகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வாரத்திலே அது வேலை செய்யவில்லை. கடைக்குக் கொண்டு போனால் நாளைக்கு வா என்கின்றார்கள். மறுபடி போனால் நீ பாவித்த விதம் பிழை என்கின்றார்கள். ஒவ்வொரு முறை போவதற்கும் ஒரு நாட்பேர் போய்விடுகின்றது. பஸ் காசும் போகின்றது. முற்பணமோ மாதாமாதம் சம்பளத்திலே கழிந்துகொண்டிருக்கின்றது. இனி என்ன செய்வது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இத்தகையோருக்காகவே இருக்கின்றது. பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறைப்பாடு செய்ய வேண்டும் என்பது அதன் விதி. விசாரித்துப் பார்த்துப் பொருளை மாற்றிக் கொடுக்கும்படியோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியோ, நட்டஈடு வழங்கும்படியோ உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. பொதியிலே குறிக்கப்பட்ட விலைக்கு மேலே விற்பது குற்றம். பற்றுச்சீட்டுக் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் விபரம் கேட்கலாம். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாதலால் முறைப்பாட்டைத் தமிழிலே எழுதிக் கொடுப்பதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாய் பற்றுச்சீட்டை அடுப்பு மூட்டப் பயன்படுத்தியிருந்தால், அல்லது நாலாம் மாதம்வரை "பார்ப்போம்" என்று இருந்திருந்தால், சட்டம் அவளுக்குப் பெரிதாக உதவ முடியாது. மூல ஓலையைப் பத்திரப்படுத்திய முதியவரின் கதை இங்கேதான் பொருள்படுகின்றது.

இந்தச் சிறு தொகைக்கு இவ்வளவு அலைச்சலா என்று சிலர் கேட்கலாம். மன்னித்துவிட்டால் மனம் நிம்மதியாக இருக்குமே என்றும் சொல்லலாம். இங்கே கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. ஒருவர் மன்னிக்கக்கூடியது தமக்கு நேர்ந்த நட்டத்தை மாத்திரமே. அடுத்த வாரம் அதே கடையிலே அதே பொருளை வாங்கப்போகின்ற இன்னொரு தாயின் நட்டத்தை மன்னிக்க அவருக்கு உரிமை இல்லை. பொய்த் தராசைப் பார்த்தும் பேசாமல் வருபவர் தம் கால் கிலோவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் வரிசையிலே நிற்பவர்களின் கால் கிலோவையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கின்றார். அது பொறுமையன்று, பிறர் பொருளைத் தானம் செய்வதாகும்.

ஸ்கொட்லாந்து தேசத்திலே நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல சாட்சி. 1928ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே பேஸ்லி என்ற ஊரிலே மே டொனஹியு என்ற ஏழைப் பெண்ணுக்கு அவருடைய சிநேகிதி ஒரு போத்தல் இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். பாதி குடித்த பின்னர் போத்தலுக்குள்ளே அழுகிய நத்தை ஒன்று இருந்ததாக அவர் முறையிட்டார். காசு கொடுத்தவர் அவரல்லர். ஆகவே கேட்க உரிமையில்லை என்றார்கள். தமக்கு ஐந்து பவுண் சொத்துக்கூட இல்லை என்று எழுதிக் கொடுத்து, ஏழைகளுக்குரிய சலுகையோடு அவர் பிரித்தானியாவின் பிரபுக்கள் சபைவரை சென்றார். 1932ஆம் ஆண்டிலே தீர்ப்புக் கிடைத்தது. ஒருவர் தமது செயலாலோ கவனக்குறைவாலோ பாதிக்கப்படக்கூடிய அயலவருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர் என்று பிரபு அட்கின் கூறினார். ஒரு போத்தலிலே தொடங்கிய அந்த வழக்கு, உலகின் பல நாடுகளிலே பொருள் வாங்குகின்ற கோடிக்கணக்கானோருக்குப் பாதுகாப்பாயிற்று.

அப்படியானால் எதற்கெடுத்தாலும் வழக்குத்தானா? இல்லை. கையிலே காசில்லாத நாட்களிலே கடனுக்கு அரிசியும் மாவும் கொடுத்துதவிய ஊர்க் கடைக்காரரோடு கணக்கிலே ஒரு பிணக்கு வருகின்றது. பக்கத்து லயத்துச் சித்தப்பா வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தரவில்லை. சீட்டுப் பிடித்த அக்காவின் கணவர் நோயிலே விழுந்ததால் பணம் சிக்கிக்கொண்டது. இங்கெல்லாம் பணத்தைவிட உறவு பெரிது. வழக்கிலே வென்றாலும் நாளைக்கு நல்லது கெட்டதுக்கு ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க வேண்டும். முதலிலே நேரிலே போய்ப் பேச வேண்டும். அது முடியாவிட்டால் இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை வைத்துப் பேச வேண்டும்.

அதுவும் கைகூடாதபோது மத்தியஸ்த சபை இருக்கின்றது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இச்சபைகள் பெரும்பாலும் வார இறுதி நாட்களிலே கூடுகின்றன. மத்தியஸ்தர்கள் சம்பளம் பெறாத ஊர்ப் பெரியவர்கள். இரு தரப்பும் தத்தமக்கு விருப்பமானவரைத் தெரிவு செய்ய இடமுண்டு. சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை, ஆகவே பணமுள்ளவருக்கு ஒரு வாயும் இல்லாதவருக்கு ஒரு வாயும் இல்லை. அவர்கள் தீர்ப்புத் திணிப்பதில்லை. இரு தரப்பும் மனமொத்தால்தான் இணக்கம். ஒரு குறித்த பெறுமதிக்குட்பட்ட பிணக்குகள் பல இங்கே வந்து, இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெற்ற பின்னரே நீதிமன்றுக்குப் போக முடியும். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையின் சாயலை இதிலே காணலாம்.

ஆனால் சில விடயங்களிலே சமாதானம் பேசிப் பேசியே காலம் கடத்துவது கூடாது. முப்பது ஆண்டுகள் மலையிலே கொழுந்து பறித்து ஓய்வு பெறுகின்ற ஒரு தாயின் பணிக்கொடை அத்தகையது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நாட்சம்பளம் பெறுபவருக்கு ஒவ்வோர் ஆண்டு சேவைக்கும் 14 நாட் சம்பளம் என்று கணக்கிட்டு, விலகிய 30 நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு 420 நாட் சம்பளம். இது எவருடைய கருணையுமன்று, அவளுடைய உழைப்பு. அதிலே பாதியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு என்று சொல்வது சமாதானமாகாது. தொழில் அலுவலகத்திலே முறையிடுவதும், வழி தெரியாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் ஆலோசனை கேட்பதும் அங்கே முறையாகும். பலமுள்ளவருக்கும் பலமில்லாதவருக்கும் இடையே வருகின்ற பிணக்கிலே 'விட்டுக்கொடு' என்ற உபதேசம் எப்போதும் பலமில்லாதவரை நோக்கியே சொல்லப்படுகின்றது என்பதை உபதேசிப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த அறம் இரு பக்கமும் வெட்டும். பழுதில்லாத பொருளைப் பாவித்துவிட்டுப் பழுதென்று திருப்பிக் கொடுப்பவர், கடைக் கொப்பியிலே ஏறிய கடனை மறந்துபோனவர்போல நடந்து வேறு கடைக்குப் போகின்றவர், சீட்டை முதலிலே எடுத்துவிட்டு மீதித் தவணையைக் கட்டாதவர் ஆகியோரும் சந்நிதியிலே கைகூப்பி நிற்கின்றார்கள். அடுத்தவர் தராசைக் குறை சொல்ல விரும்புபவர் தம்முடைய தராசை முதலிலே நேராகப் பிடிக்க வேண்டும். சபையிலே சுந்தரரும் ஒன்றைச் செய்து காட்டினார். தீர்ப்புத் தமக்கு மாறாக வந்தபோது, இசைகின்றேன் என்று எழுந்து முதியவரின் பின்னே நடந்தார். தோற்றவர் தீர்ப்பை ஏற்பதும் வழக்கின் அறமே.

ஆகவே முறையிடப் போகுமுன் ஒருவர் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுப் பார்ப்பது நன்று. சொல்வது முழுவதும் உண்மையா? காட்டுவதற்குச் சான்று உண்டா? தவணை கடந்துவிட்டதா? நேரிலே கேட்டுப் பார்த்தாயிற்றா? உரியது கிடைத்தால் போதுமா, அல்லது மற்றவர் தலைகுனிவதையும் பார்க்க வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு 'பார்க்க வேண்டும்' என்று மனம் சொன்னால், அன்றைக்கு மன்றுக்குப் போகாமல் ஆலயத்திற்குப் போவதே நல்லது. 'உரியது போதும்' என்று சொன்னால், ஆலயத்திலே கும்பிட்டுவிட்டு மன்றுக்குப் போகலாம். அதிலே தவறேதுமில்லை.

சாமி பார்த்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் ஓலையைக் காட்ட வேண்டிய இடத்திலே சாமியும் ஓலையைத்தான் காட்டினார்.